பேராயரும் ஜிம்முவும் ஒரே பக்கத்தில்

ஆவுடைநாயகம் சாருக்கு இன்று வாய் இல்லை. மூக்கு இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் கண்ணும் இல்லை. தலையும் தோளும் மட்டும் கரியால் வரைந்தது போல ஜன்னலுக்கு முன்னால் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி வெயில். நேற்று வரை அந்த ஜன்னலில் ஒரு வேப்பமரம் இருந்தது. கம்பியில் உரசுகிறது என்று மின்வாரியத்து ஆட்கள் சாயங்காலம் வந்து வெட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மரம் இவ்வளவு வெயிலைப் பிடித்து வைத்திருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. பாளையங்கோட்டையின் காலை ஒன்பதரை மணி வெயில் முழுவதும் இப்போது அவர் முதுகில் விழுந்து என் முகத்துக்கு வருகிறது. அவர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஆரம்பித்துவிட்டார் என்பது எனக்கு மேசையிலிருந்து தெரிகிறது. அவர் விரலால் ஒரு தட்டு, அது கமா. இரண்டு தட்டு, அது முற்றுப்புள்ளி. பத்தி முடிந்தால் உள்ளங்கையால் ஓர் அறை. எங்கள் வேலை அப்படி. அவர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார், நான் புரூஃபில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பேன், இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் சிவப்பு மசியால் ஓரத்தில் குறிப்பேன். நான் பிரதியைப் பார்க்கக் கூடாது. கண் ஒன்றைப் பார்த்துவிட்டால் காது தூங்கிவிடும் என்பது அவர் முதல் நாளே போட்ட சட்டம். பக்கம் முடிந்ததும் அவர் பிரதியின் அடியில் ‘படித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார், நான் புரூஃபின் அடியில் ‘கேட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்த இரண்டு சொற்களும் இல்லாமல் கீழே பிச்சையா அச்சு மெஷினை ஓட்ட மாட்டார். சிறுவர் அறிவுக்கோவையின் ஐந்து தொகுதிகள், பதினோரு வருஷம், எத்தனை ஆயிரம் ‘கேட்டேன்’. கடைசி எட்டு மாதமாக எழுதியவை முழுப் பொய் இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதியைக் காதால் கேட்டேன், பாதியை அவர் உதட்டிலிருந்து கேட்டேன். இன்று உதடு இல்லை.

வேறு பக்கமாக இருந்தால் சமாளித்திருப்பேன். அகர வரிசையில் போன வாரம் ஜல்லிக்கட்டு வந்தது, ஜவ்வாது மலை வந்தது. காளைக்கு அடுத்து கொம்பு வரும், கொம்புக்கு அடுத்து பரிசு வரும், கேட்க வேண்டியதே இல்லை, வாக்கியம் போகிற போக்கிலேயே எனக்குத் தெரிந்துவிடும். இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. இடது பத்தியில் ரோட்ரிகோ ஜிமெனெஸ் தெ ராதா, ஸ்பெயின் நாட்டில் டொலேடோ என்ற ஊரின் பேராயர், வரலாறு எழுதியவர், எழுநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இறந்தவர். வலது பத்தியில் ஜிம்மு, ஜப்பானின் முதல் பேரரசர் என்று அந்த நாட்டின் பழைய கதைகள் சொல்கிறவர். புத்தகத்துக்கு வெளியே இருவருக்கும் நடுவில் பாதி உலகமும் ஆயிரத்து எண்ணூறு வருஷமும் இருக்கின்றன. எங்கள் புத்தகத்தில் ஒரு மெல்லிய கோடுதான் இருக்கிறது. எனக்கு இந்த இருவரையும் பிடிக்கும். பேராயர் சும்மா மடத்தில் உட்கார்ந்து எழுதியவர் இல்லை, ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டில் நடந்த பெரிய போரில் அரசரோடு கூடவே போயிருக்கிறார். மலையைக் கடக்க வழி தெரியாமல் படை முழுவதும் நின்றபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத அழுக்குத் துணிக்காரன் ஒருவன், அங்கே ஆடு மாடு மேய்த்தவன், வந்து வழி காட்டினான் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஜிம்முவுக்கும் வழி தெரியாமல் போகிறது, அவருக்கு வழி காட்ட வானத்திலிருந்து ஒரு காக்கா வருகிறது. இரண்டு கட்டுரையையும் எழுதியது சார்தான். ஜிம்முவை எழுத மாட்டேன் என்று அவர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “இருந்தாரா இல்லையான்னே தெரியாத ஆளுக்கு அரைப் பக்கமா டீச்சர்? எங்க பேராயர் எம்புட்டுக் கஷ்டப்பட்டு நேர்ல போய்ப் பார்த்து எழுதினவரு. அவருக்கும் அரைப் பக்கம், இவருக்கும் அரைப் பக்கமா?” எங்க பேராயர்! நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்து எங்க பேராயர் என்கிறார், சர்ச் மணி அடித்தால் எழுந்து நிற்கிற நான் ஜிம்முவுக்காக வாதாடுகிறேன். “தெரியாதுன்னு ஒரு வரி போட்டுடுங்க சார்,” என்றேன். “தெரியாதுன்னு புஸ்தகத்துல போட்டா எவன் வாங்குவான்?” “பிள்ளைகள் வாங்கும்,” என்றேன். அவர் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்த வரியை எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்கு அவர் குரல் முழுதாகக் கேட்டது, கொஞ்சம் சளி கட்டின, வாத்தியார்கள் எல்லாருக்கும் ஐம்பது வயசுக்கு மேல் வருகிற குரல். வாக்கியத்தின் கடைசியில் அதை அவர் கீழே இறக்கி வைப்பார், குடத்தை இறக்கி வைக்கிற மாதிரி, தளும்பாமல்.

ஓர் அறை. பத்தி முடிந்தது. என் விரல் எங்கே இருக்கிறது? சரியான இடத்தில்தான் இருக்கிறது, டொலேடோவில் பெரிய தேவாலயம் கட்டத் தொடங்கிய இடத்தில். எப்படி வந்தேன் என்றால் தட்டுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். சொற்களை எல்லாம் உருவிவிட்டு வாக்கியத்தின் எலும்பை மட்டும் யாரோ கையில் கொடுத்த மாதிரி இருக்கிறது. கமா, கமா, முற்றுப்புள்ளி. இவ்வளவு போதுமா? ஆண்டு தப்பாக இருந்தால்? பன்னிரண்டு பதினேழாக மாறி இருந்தால்? ஆட்டுக்காரன் அரசன் ஆகிவிட்டால்? புரூஃபை மட்டும் பார்த்து நான் என்ன சொல்ல முடியும், தப்பும் அச்சில் ஏறினால் சரி மாதிரியேதான் இருக்கும். “மறுபடி,” என்றேன். கேட்கிறவள் எப்போது வேண்டுமானாலும் மறுபடி என்று சொல்லலாம், அது சட்டத்தில் உண்டு. கரித் தலை கொஞ்சம் நிமிர்ந்தது, குனிந்தது, தட்டு, தட்டு, அதே தட்டுகள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெயில் ஒரு ஊதா வட்டமாக நின்றது. சில மாதம் முன்னால் ஜங்ஷனில் காது டாக்டர் ஒருவர் இரும்புக் கவையைத் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் வைத்தார், கேக்குதா என்று அவர் வாய் கேட்டது, கேக்குது என்றேன். பிறகு அவர் கவையை என் கண்ணுக்குப் படாமல் பின்னால் கொண்டுபோய்த் தட்டினார் போலிருக்கிறது, எதுவும் கேட்காமல் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் சீட்டில் என்னவோ எழுதினார். காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளலாம், வயசு ஐம்பத்து நாலுதானே, என்றார். வைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தால் எல்லாருக்கும் தெரியும். காது கேட்காதவளை ‘கேட்டேன்’ என்று கையெழுத்துப் போட யார் வைத்துக்கொள்வார்கள். அதுகூட இல்லை. வேலை போனால் போகட்டும் என்று ஒரு மூலையில் தைரியம் இருக்கிறது. என் பயம் அம்மாவுடையது. அம்மாவுக்கும் இதே வயசில் இதே மாதிரி. சாப்பிடும்போது நாங்கள் எல்லாரும் எதற்கோ சிரிப்போம், அம்மா கரண்டியோடு நின்று என்னட்டி என்னட்டி என்பாள். ஒண்ணுமில்லம்மா, சும்மா பேசிக்கிட்டு இருக்கோம். அதைச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லை, நான்தான். ஒவ்வொரு நாளும் சொன்னேன். சலிப்பில் சொன்னேன், அவ்வளவுதான், சத்தமாகத் திருப்பிச் சொல்வதற்குச் சோம்பல். கொஞ்ச நாளில் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். நாங்கள் சிரித்தால் அவளும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாமல், ஒரு நொடி தாமதமாக. ஒருநாள் சார் என்னைப் பார்த்து ஒண்ணுமில்ல டீச்சர் என்று சொல்வார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களும் அதைச் சொல்வார்கள்.

ஜிம்மு வந்துவிட்டார். இரண்டு தட்டு, ஓர் அறை, பிறகு ஒரு பெரிய இடைவெளி, பிரதியின் பக்கத்தைத் திருப்புகிறார், ஆகவே ஜிம்மு. என் விரலை வலது பத்திக்கு மாற்றுகிறேன். புரூஃப் சொல்கிறது: ஜிம்முவும் அவருடைய அண்ணன்மாரும் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். முதல் சண்டையில் சூரியன் அவர்கள் முகத்துக்கு நேரே இருந்தது. மூத்த அண்ணன்மேல் அம்பு பாய்ந்தது. சூரியனின் வழியில் பிறந்த நாம் சூரியனை எதிர்த்து நின்று சண்டை போட்டது தவறு என்று அண்ணன் சொன்னாராம். ஆகவே சுற்றுவழியாகப் போய், வெயில் முதுகில் படும்படி திரும்பி வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் யாருக்கோ தோன்றியது, அல்லது அப்படி ஒருவருக்குத் தோன்றியதாக யாரோ ஒருவருக்குத் தோன்றியது, எனக்கு மட்டும் காலையிலிருந்து தோன்றவில்லை. ‘கண் கூசுது சார், இடம் மாறிக்குவோமா?’ இவ்வளவுதானே. அவர் உடனே எழுந்திருப்பார். வெயில் என் முதுகுக்குப் போகும், அவர் முகத்தில் வெளிச்சம் விழும், உதடு திரும்பி வந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. எவ்வளவு சுலபம். பொய்கூட இல்லை, கண் கூசத்தான் செய்கிறது. இந்த வரி முடியட்டும், சொல்லிவிடலாம் என்று விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். புரூஃபில் கடைசி வாக்கியம்: நூற்று இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். முற்றுப்புள்ளி. அதற்குக் கீழே வெள்ளை. மேசையிலோ முற்றுப்புள்ளி வரவில்லை. ஒரு தட்டு வந்தது, கமா. பிறகு இன்னும் ஏதோ போகிறது, தோள் அசைகிறது, மூச்சு விடுகிறார், போகிறது, போகிறது, பிறகுதான் இரண்டு தட்டு, அறை. என் விரலுக்குக் கீழே சொல் இல்லை. “மறுபடி,” என்றேன். ஒரு தட்டு, நீளம், இரண்டு தட்டு, அறை. ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அச்சுக் கோப்பவர் ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கிறார். என்ன வரி? அந்த வரியாக இருக்கலாம், நான் அன்று போடச் சொன்ன வரி. இல்லை, பதிப்பாசிரியர் ஐயா அதை எடுத்துவிட்டு வேறு எதையாவது சேர்த்திருக்கலாம். இல்லை, நான்தான் தட்டைத் தவறாக எண்ணியிருக்கலாம், எட்டு மாதமாக எத்தனை தட்டைத் தவறாக எண்ணினேனோ, எத்தனை பக்கங்கள் எத்தனை பள்ளிக்கூட அலமாரிக்குப் போய்விட்டனவோ. நூற்று இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார் என்று எங்கேயோ ஒரு பிள்ளை பென்சிலால் அடிக்கோடு போடும். புத்தகத்தில் போட்டிருக்கு என்று தகராறு செய்யும். நாங்கள் சொன்னால் அது நம்பும். மூன்றாவது முறையும் “மறுபடி” என்றேன். என் வாயில் அந்தச் சொல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கரித் தலை வாசிக்கவில்லை. பிறகு பிரதியின் அடியில் எழுதுகிற மாதிரி குனிந்தது, ‘படித்தேன்’ எழுதுகிறார், எழுதிவிட்டுப் பேனாவை மூடவில்லை, மேசைக்கு மேல் என் பக்கமாக நீட்டினார். வாசலில் பிச்சையா வந்து நிற்கிறார், கை முழுவதும் மசி, அவர் முகத்தில் வெளிச்சம் இருக்கிறது, அதனால் அவர் சொன்னது எனக்குத் தெரிந்தது. “டீச்சர், இந்த ஒரு பக்கம்தான் பாக்கி. போட்டுக் குடுங்க, பாரத்த மெஷின்ல ஏத்திருதேன்.” பேனாவை வாங்கினேன். புரூஃபின் அடியில் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. கே என்று கொம்பு போட்டுவிட்டால் மற்றது தானாக வரும், கை பதினோரு வருஷப் பழக்கம். ‘வெயில், கண் கூசுது, இன்னொரு தடவை’ என்று சொன்னாலும் இந்தப் பக்கம் தப்பிக்கும். நாளைக்கு மேகம் கவிந்து வாய் தெரியாது, நாளை மறுநாள் அவருக்குப் பல் வலி என்று வாயில் துணி கட்டிக்கொண்டு வருவார், அதற்கு ஒன்று சொல்ல வேண்டும். எழுந்தது நான் இல்லை. அவர்தான் மேசையைச் சுற்றி வந்தார், என் பக்கத்தில் வந்து குனிந்தார், வெயில் அவர் கன்னத்தில் விழுந்தது. மூக்கு வந்தது, கண்ணாடிக்குப் பின்னால் கண் வந்தது, வாய் வந்தது. அந்த வாய் சொன்னது, “டீச்சர், ஒளிக்காமச் சொல்லுங்க. என் குரல் போயிட்டுதா?” நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். “மூணு தடவ மறுபடிங்கிய. கொஞ்ச நாளாவே பாக்கேன், நான் வாசிக்கையில உங்க முகத்துல ஒரு வேதனை. வயசாயிட்டுது, பல்லும் ரெண்டு போச்சு, சொல்லெல்லாம் வழுக்குது போல. பிள்ளைய படிக்கிற புஸ்தகம். நான் ஒதுங்கிக்கிடுதேன், ஐயாகிட்ட நானே சொல்லிருதேன்.” அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. ஆவுடைநாயகம் சாரை அப்படி நான் பார்த்ததே இல்லை. வெட்டின மரத்தை நேற்றுப் பார்த்தபோதுகூட அவர் ஒரு உச்சுக்கொட்டலோடு நிறுத்திக்கொண்டவர். என் தொண்டையில் இருந்த ‘கண் கூசுது’ எங்கே போனது என்று தெரியவில்லை. “உங்க குரல் நல்லாத்தான் இருக்கும் சார். எனக்குத்தான் கேக்கல,” என்றேன். “எதுவுமே கேக்கல. காலையில இருந்து ஒரு சொல் கேக்கல. எட்டு மாசமாவே சரியாக் கேக்கல, உங்க வாயைப் பாத்துக் கேட்டேன். இன்னைக்கு வெயில்ல வாய் தெரியல.” பிச்சையா வாசலிலிருந்து ஒரு படி உள்ளே வந்தார். நான் பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன், அது என் கையிலேயே இருந்தது.

சார் என்னைக் கோபிப்பார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் பாவம் என்று பார்ப்பார், அது அதைவிட மோசம். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து எனக்கு நேரே போட்டு, முகம் வெளிச்சத்தில் இருக்கிறதா என்று என் கண்ணைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, தொப்பென்று உட்கார்ந்தார். “எட்டு மாசமா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். “அப்ப என்மேல கோவம் இல்லையா?” எனக்குப் புரியவில்லை. உதட்டை நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நினைத்தேன். “கோவமா? எதுக்கு சார்?” “நான் சோக்கு சொன்னா நீங்க சிரிக்கதே இல்லல்லா! எட்டு மாசமா! நடுவுல நடுவுல எத்தனை சொல்லியிருக்கேன், நீங்க பாட்டுக்குப் புரூஃபுல குனிஞ்சு குறிச்சுக்கிட்டு இருப்பிய. என்னமோ வாய் தவறிப் பேசிட்டோம், நம்ம டீச்சருக்கு மனசு முறிஞ்சு போச்சுன்னு வீட்டுல கூடச் சொன்னேன். அவ சொன்னா, போய் மன்னிப்புக் கேளுங்க, என்னத்துக்குன்னு பெறகு யோசிக்கலாம்னு.” பிச்சையா சிரித்ததைப் பார்த்தேன். நான் புரூஃபைப் பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம் அவர் எதிரில் ஒரு சோக்கைச் சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறார், கடவுளே, ஒவ்வொரு தடவையும், நான் நிமிரும் வரை. நான் மேசைக்கு இந்தப் பக்கம் அம்மாவாக உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தேன், அவர் அந்தப் பக்கம் கரண்டியோடு நின்றுகொண்டிருந்திருக்கிறார். “பொய்யா எழுதியிருக்கேன் சார்,” என்றேன், “எட்டு மாசப் பக்கம் எல்லாம் மறுபடி பாக்கணும். திங்கக்கிழமை ஐயாகிட்ட நானே சொல்லுதேன்.” “சொல்லுங்க. நானும் வாரேன். பாக்க வேண்டியதப் பாப்போம். மிஷின் வாங்கினா வைங்க, வைக்காட்டி வைக்காமப் போங்க. இப்ப பிச்சையா நிக்காரு.” பிரதியை எடுத்து என் கையில் வைத்தார், புரூஃபை உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டார், சிவப்பு மசிப் பேனாவைக் காதில் செருகினார். “நீங்க வாசிங்க. என் காது நல்லாத்தான் இருக்கு, அதுக்கு இதுவரைக்கும் வேலையே இல்ல.”

பதினோரு வருஷத்தில் நான் ஒரு பக்கம்கூட வாசித்தது கிடையாது. அவர் கையெழுத்து எனக்குப் பழக்கமில்லை, நெருக்கமாக, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து, அவசரமாக நடக்கிற மாதிரி. ரோட்ரிகோ ஜிமெனெஸ் தெ ராதா என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்குள் மார்பில் மட்டும் அதிர்ந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைக் கீழே கீழே என்று அமுக்கினார். குறைத்தேன். இன்னும் அமுக்கினார். கீழே மெஷின்காரர்களில் ஒருவர் படியேறி வந்து எட்டிப் பார்த்து, “டீச்சரா? நாங்க ரேடியோன்னுல்லா நெனச்சோம்,” என்றதைப் பிச்சையா எனக்கு நேரே திரும்பி நின்று, வாயை அகலத் திறந்து, திருப்பிச் சொன்னார். ஒண்ணுமில்ல என்று சொல்லவில்லை. பேராயர் போருக்குப் போனார், ஆட்டுக்காரன் வழி காட்டினான், பேராயர் போப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில் பிரான்சின் ரோன் ஆற்றில் இறந்துபோனார், அதற்கு ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன், சார் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைக் காட்டினார். ஜிம்மு வந்தார். அண்ணன் அம்பு பட்டுச் சாகிறார், காக்கா வருகிறது, ஜிம்மு அரியணை ஏறுகிறார். நூற்று இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன, ஆனால் அவர் உண்மையிலேயே இருந்தாரா என்பது நமக்குத் தெரியாது. போட்டிருக்கிறார். நான் கேட்டபடியே போட்டிருக்கிறார், நீளமாக, நிதானமாக. வேறு எந்த வரியிலும் இல்லாத அளவு கையெழுத்து அங்கே தெளிவாக இருந்தது. சாரின் கை மேலே போயிற்று, கண் திறந்தது, காதிலிருந்து பேனா வந்தது. விட்டுப்போன பாதி வரி, ஒரு கமா எல்லாம் ஓரத்தில் சிவப்பாக ஏறின. “நல்ல வேளை,” என்றார் பிச்சையாவிடம், “எட்டு மாசம் இல்ல, எம்புட்டு மாசம் வேணும்னாலும் கேக்காம இருக்கட்டும், இந்த வரிய இவங்கதான் பிடிச்சாங்க. தட்டுலயே பிடிச்சிருக்காங்க.” பிரதியில் அவர் எழுதியிருந்த ‘படித்தேன்’ என்பதை அவரே அடித்தார், அதற்குப் பக்கத்தில் நான் ‘படித்தேன்’ எழுதி என் பெயரைப் போட்டேன், எப்சிபா. புரூஃபில் அவர் ‘கேட்டேன்’ எழுதினார். பிச்சையா அதை ஈரம் காயாமல் இரண்டு விரலில் தூக்கிக்கொண்டு போனார், இனிப் பாரத்தை அவிழ்த்து ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று முணுமுணுத்திருப்பார், முதுகு அப்படித்தான் இருந்தது.

சார் எழுந்திருக்கவில்லை. “இந்த ஜிம்முவுக்கே ஒண்ணு சொன்னேன், காலையில,” என்றார், என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. “நூத்தி இருபத்தேழு வயசு வரைக்கும் அப்பன் ராஜா. மகன் என்ன ஆயிருப்பான்? இளவரசனாவே ரிட்டயர் ஆயிருப்பான்.” எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து வந்தது, எவ்வளவு சத்தமோ, கீழே மறுபடி ரேடியோ என்று நினைத்திருப்பார்கள். அவர் கையை அமுக்கிக் காட்டவில்லை. சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார். “ஜமக்காளத்துக்கு ஒண்ணு சொன்னேன், அது இதவிட நல்லது. அதுவும் கேக்கலையா?” “கேக்கல சார்.” “மார்ச் மாசம். ஜமக்காளம், ஜமீன், ஜப்பான், மூணுக்கும் மூணு.” நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜமக்காளத்திலிருந்து ஆரம்பித்தார்.